ஐயருக்கு எந்தக் கிழமை ஓய்வுநாள்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரி முதல் வாரம். கல்லறைத் தோட்டத்தில் நின்று அடக்க ஆராதனை நடத்திக்கொண்டிருந்தேன். மண் போடும் நேரத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். என் வாயில் வந்தது நான்கு நாளைக்கு முன் பக்கத்து ஊரில் அடக்கம் பண்ணிய வேறொருவர் பெயர். மூத்த மகன் நிமிர்ந்து பார்த்தார். உபதேசியார் பின்னாலிருந்து என் அங்கியை இழுத்தார். திருத்திச் சொல்லி முடித்தேன். அந்த வீட்டார் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்று ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் 1 முதல் அன்று வரை முழுசாக ஒரு பகல்கூட நான் வீட்டில் இருக்கவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் தென்னிந்தியத் திருச்சபை ஆயர். 27 வருஷ ஊழியம், இது ஏழாவது சேகரம் (ஒரு ஆயர் பொறுப்பிலுள்ள பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்). எங்கள் பக்கம் ஆயரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள், மனைவி 'ஐயரம்மா'. என் பொறுப்பில் எட்டுச் சபைகள். மூன்று உபதேசியார்கள் இருக்கிறார்கள் (சபை ஊழியர் என்றுதான் இப்போது எழுதுகிறோம், ஜனங்கள் வாயில் இன்னும் உபதேசியார்தான்). காலை மாலை ஜெபமும் சாதாரண ஆராதனையும் அவர்கள் நடத்திக்கொள்வார்கள். திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் ஆராதனை) மட்டும் ஆயர் போயாக வேண்டும். அதனால் என் ஞாயிறு இப்படி இருக்கும்: 5.30க்கு ஒரு ஊர், 8.30க்குத் தலைமைச் சபை, 11க்கு இன்னொரு ஊர், மாலையில் வாலிபர் கூட்டம். நடுவில் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வேறு கூப்பிடுவார்கள். ஓய்வுநாள் பள்ளி என்ற பெயரை அந்த மாதிரி நாட்களில் யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

புதிதாக அபிஷேகம் பெற்றுச் சேகரத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கமிட்டிக்காரர்கள் படித்தாலும் நல்லதுதான்.

நோட்டு போடுவது

முதலில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி அங்கிப் பையில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு வரியாக நான்கு வாரம் எழுதுங்கள். ஒரு வாரம் போதாது, முதல் ஞாயிறு உள்ள வாரம் ஒரு மாதிரி, மூன்றாம் ஞாயிறு வேறு மாதிரி. டிசம்பரிலும், ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்திலும் ஆரம்பிக்க வேண்டாம். ஜூலை நல்ல மாதம், பள்ளிக்கூடம் திறந்த பரபரப்பும் அடங்கியிருக்கும்.

நான் நாலு எழுத்து வைத்துக்கொண்டேன். 'ஆ' என்றால் ஆராதனை, பிரசங்க ஆயத்தம், சொந்த ஜெபம். 'ம' என்றால் மனுஷர்: வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி, அண்ணன் தம்பி வரப்புத் தகராறு. 'எ' என்றால் எழுத்து வேலை: ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கணக்கு, கமிட்டி, பள்ளிக்கூடக் கையெழுத்து. 'கா' என்றால் காத்திருப்பும் பைக் பயணமும்.

நாலு வாரம் கூட்டி வகுத்ததில் வாரத்துக்கு 74 மணி நேரம் வந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். 'கா' மட்டும் 17 மணி நேரம் என்று வந்தபோது நம்பாமல் மறுபடி கூட்டினேன். பிரசங்க ஆயத்தத்துக்கு வந்ததோ இரண்டரை மணி நேரம், அதுவும் சனிக்கிழமை ஆயத்த ஆராதனை முடிந்து ராத்திரி பத்துக்கு மேல். நான் எதற்காக அபிஷேகம் பண்ணப்பட்டேனோ அந்த வேலைக்கு, தூக்கக் கண்ணோடு இரண்டரை மணி நேரம். ஓய்வு குறைந்ததை என் உடம்பு தாங்கியிருக்கும், இதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டு ஜெபம் என்னும் ஓட்டைப் பானை

அந்த 17 மணி நேரத்தில் பாதிக்கு மேல் வீட்டு ஜெபம். ஏழு மணிக்கு ஜெபம் என்று அறிவிப்பு வாசித்திருப்போம். போனால் பாய் விரித்திருக்காது. மூத்த மருமகன் தென்காசி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். அவர் இல்லாமல் தொடங்கினால் மனஸ்தாபம். எட்டே காலுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால், "ஐயர் சாப்பிடாமப் போகக் கூடாது." வீடு வந்து சேரும்போது பத்தரை. இது வாரத்தில் நாலு ராத்திரி.

ஜெபத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஏழு மணிக்குச் சரியாகப் பாட்டைத் தொடங்கிவிடுங்கள். அந்த வீட்டுப் பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் மட்டும் இருந்தாலும் போதும். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் வாரம் ஓடி வருவார்கள், மூன்றாம் வாரம் ஆறே முக்காலுக்குப் பாய் விரித்திருக்கும். என் அனுபவத்தில் மூன்றே வாரம்தான் பிடித்தது. சாப்பாட்டை ஜெபத்துக்கு நாள் கேட்டு வரும்போதே பேசிவிடுங்கள். "ஜெபத்துக்கு வாரேன், சாப்பாட்டுக்கு ஐயரம்மா வீட்ல காத்திருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இலை போட்ட பிறகு சொன்னால்தான் பிரச்சினை.

எல்லா வீட்டு ஜெபத்துக்கும் ஐயர்தான் வர வேண்டும் என்பதும் பிற்பாடு வந்த பழக்கம். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார், 1838-இல் இறந்தார். அந்தப் பதினெட்டு வருஷத்தில் இந்தச் சீமையில் ஊர் ஊராகச் சபை எழும்பியது. அத்தனை ஊரிலும் அவரே போய் ஜெபம் நடத்தவில்லை, உபதேசியார்கள் நடத்தினார்கள். அப்படியும் அவர் இறந்தபோது வயது 47. கமிட்டியில் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். இப்போது எங்கள் சேகரத்தில் பிறந்தநாள், புது பைக், தேர்வு எழுதப்போகும் பிள்ளை, இவற்றுக்கு உபதேசியாரோ பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோ போகிறார்கள். துக்க வீடு, நோயாளி வீடு, புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு நான் போகிறேன்.

21 கட்டம்

ஒரு நாளைக் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்றாக வகுத்தால் வாரத்துக்கு 21 கட்டம். ஞாயிறு மூன்றும் போய்விடும், அதை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழு ஓய்வு. மீதி ஐந்து நாளும் நாளுக்கு இரண்டு கட்டம்தான் வேலை. ஆக 13 கட்டம் வேலை, 8 கட்டம் சும்மா. சாயங்காலம் ஜெபம் இருக்கிறதா, அன்றைக்குக் காலையோ மதியமோ ஒன்று காலியாக இருக்க வேண்டும். இந்த வெயிலில் மதியம் ஒன்று முதல் நாலு வரை விட்டுவிடுவதுதான் சுலபம். வயலுக்குப் போகிறவர்களே அந்த நேரத்தில் திண்ணையில் சாய்ந்துவிடுகிறார்கள், ஐயர் மட்டும் ஹெல்மெட்டோடு எங்கே போகிறார்?

ஒரு காலைக் கட்டத்தைப் பிரசங்கத்துக்கு என்று பூட்டி வைப்பது முக்கியம். எனக்கு அது வியாழன். சனிக்கிழமைக்கு வைத்தால் கட்டாயம் ஒரு கல்யாணமோ சாவு வீட்டுக் காடாத்தோ வந்து அதைத் தின்றுவிடும்.

எந்தக் கிழமை

அநேக ஆயர்கள் திங்கட்கிழமையை ஓய்வென்று வைத்துக்கொள்கிறார்கள். நானும் வைத்தேன், ஆறு மாதம் ஓட்டினேன். சரிப்படவில்லை. ஞாயிறு காணிக்கையைப் பாங்கில் கட்டுவது திங்கள். ஞாயிறு பிரசங்கத்தில் தன்னைத்தான் குத்திக்காட்டினார் என்று முடிவு கட்டியவர் வந்து நிற்பதும் திங்கள். அதையும் மீறி வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக் களைப்பில் நாள் முழுதும் கட்டையாய்க் கிடப்பேன். எழுந்திருக்கும்போது நாள் முடிந்திருக்கும், ஓய்வு எடுத்த நிறைவு இருக்காது.

செவ்வாய்க்கு மாற்றினேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு. நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை என்று அடித்துச் சொல்லும் எங்கள் ஜனம், நான் இருந்த எந்தச் சேகரத்திலும் செவ்வாய்க்கிழமை கல்யாணம் வைத்ததில்லை! காரணம் கேட்டால் மண்டபம் கிடைக்கவில்லை என்பார்கள். நான் மேற்கொண்டு கேட்பதில்லை.

திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிச் செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கு முடிக்கிறேன். ஆதியாகமத்தில் நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. இதில் நடைமுறைப் பயன் ஒன்று இருக்கிறது: ஓய்வு தூக்கத்தோடு தொடங்குகிறது. விடியும்போது களைப்பு போயிருக்கும், பகல் முழுவதும் நம் கையில் இருக்கும். நான் தோட்டத்தில் மண்வெட்டி எடுப்பேன். பேரனோடு தாமிரபரணியில் குளிக்கப் போவேன். வேதத்தைத் திறந்தால் குறிப்பு எடுக்காமல் படிப்பேன்.

கதவும் போனும்

தேதி குறிப்பது சுலபம், கதவைக் காப்பதுதான் கஷ்டம். முதலில் குருமனை (ஆயர் குடியிருக்கும் வீடு) கேட்டில் ஒரு அட்டை மாட்டினேன்: 'இன்று ஆயருக்கு ஓய்வு.' அதைப் படித்துவிட்டே ஏழு பேர் உள்ளே வந்தார்கள். "போர்டு போட்டிருக்கே, ஐயருக்கு உடம்புக்கு என்ன?" ஒருவர் இளநீரோடு வந்தார். அட்டையைக் கழற்றிவிட்டேன்.

பலித்தது இதுதான். ஞாயிறு அறிவிப்பில், கல்யாண ஓலை (நடக்கப்போகும் திருமணங்களின் அறிவிப்பு) வாசித்து முடித்ததும், 'செவ்வாய்க்கிழமை சேகர அலுவல்களுக்கு இன்னாரைப் பாருங்கள்' என்று ஆள் பெயரும் போன் நம்பரும் வாசித்தோம். ஐயர் ஓய்வெடுக்கிறார் என்று ஒரு சொல் கிடையாது. யாரும் இல்லை என்று சொன்னால் ஜனங்கள் கலங்குவார்கள். இன்னார் இருக்கிறார் என்றால் அவரிடம் போவார்கள். சான்றிதழ் கேட்பவர்கள் செயலாளரிடம், ஜெபத்துக்கு நாள் கேட்பவர்கள் உபதேசியாரிடம்.

பழைய பட்டன் போன் ஒன்றில் சேகர நம்பரைப் போட்டோம். திங்கள் ஆறு மணிக்கு அது செயலாளர் வீட்டுக்குப் போய்விடும். மூன்று காரியத்துக்கு மட்டும் அவர் என்னைக் கூப்பிடலாம்: மரணம், மரணப்படுக்கையில் திருவிருந்து, விபத்தோ போலீசோ. மற்றதெல்லாம் புதன் காலை. சேகர வாட்ஸ்அப் குழுவை என் சொந்தப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் வரும் நூறு காலை வணக்கத்தில் எனக்கென்று இருந்தது ஒன்றோ இரண்டோதான்.

மரணம் நாள் பார்த்து வருவதில்லை. பக்கத்துச் சேகர ஆயரோடு பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்: செவ்வாய் அவர் என் சபைகளைப் பார்ப்பார், வெள்ளி நான் அவருடையதைப் பார்ப்பேன். ஆனாலும் நெடுநாள் பழகிய வீட்டில் சாவு என்றால் நானே போகிறேன். வேறொரு ஐயர் வந்து அடக்கம் பண்ணினால் அந்தக் குடும்பத்துக்கு அது ஆயுசுக்கும் குறை. அப்படிப் போன நாளில், வீடு திரும்பியதும் அங்கி மாற்றும் முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'கடன்' என்று எழுதி, பத்து நாளுக்குள் எந்த அரைநாளில் அது திரும்பும் என்று தேதி போடுவேன். தேதி போடாத கடன் எதுவும் எனக்குத் திரும்பி வந்ததில்லை.

கமிட்டியில் சொல்வது

தனியாக முடிவெடுத்துச் செய்தால் சோம்பேறி என்ற பெயர் வரும். சேகரக் கமிட்டியில் வைத்து மினிட்டில் (கூட்டக் குறிப்பில்) எழுதி வாங்குங்கள். தீர்மானத்தில் 'ஓய்வு' என்று எழுத வேண்டாம், 'செவ்வாய்க்கிழமைப் பொறுப்பாளர் ஏற்பாடு' என்று எழுதினால் கேள்வி குறையும்.

ஆனாலும் எங்கள் கமிட்டியில் ஒரு கேள்வி வந்தது. "மாடு மேய்க்கிறவனுக்கு லீவு உண்டா ஐயரே? மேய்ப்பனுக்கு மட்டும் என்ன?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். நான் பதில் தேடுமுன் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்தார். யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியா அபியா வகுப்பு ஆசாரியன். ஆசாரியர்களை 24 வகுப்பாகப் பிரித்து முறை வைத்திருந்தார்கள். முறை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனான் என்று வசனமே இருக்கிறது. "யோவான்ஸ்நானன் பிறக்கணும்னா அவன் வீட்டுக்குப் போகத்தானே வேணும்" என்றார் வாத்தியார். கமிட்டி சிரித்தது, தீர்மானம் நிறைவேறியது.

இங்கிலாந்துத் திருச்சபையில் இதெல்லாம் சட்டமாகவே இருக்கிறது. 2009-ஆம் வருஷத்து விதிகளின்படி ஆயருக்கு ஏழு நாளில் ஒருமுறை இடைவிடாத 24 மணி நேர ஓய்வும், வருஷத்துக்கு 36 நாள் விடுப்பும் உண்டு. ஞாயிறையும் பெரிய பண்டிகைகளையும் ஓய்வாக எடுக்கக் கூடாது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நம் ஊரில் சட்டம் வரும்வரை மினிட் புத்தகம்தான் சட்டம்.

டிசம்பர்

டிசம்பரில் ஓய்வு எடுக்கப் பார்க்காதீர்கள், நடக்காது. கீத பவனி (வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போவது) விடிய விடியப் போகும், 25-ஆம் தேதி விடியற்காலை நாலு மணி ஆராதனை, 31 இரவு வாட்ச் நைட், 1-ஆம் தேதி காலை மறுபடி. செய்ய வேண்டியது அக்டோபரிலேயே. பவனிக்கு ஊருக்கு ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். ஐயர் ஒவ்வொரு ஊரிலும் முதல் தெருவில் ஜெபித்துத் தொடங்கி வைத்தால் போதும், கடைசி வீட்டு ரவா கேசரி வரைக்கும் கூடப் போக வேண்டியதில்லை. 24 மதியம் மூன்று மணி நேரத் தூக்கத்தை ஆராதனை மாதிரி நோட்டில் எழுதி வையுங்கள். ஜனவரி 2 முதல் ஒரு வாரத்துக்குப் பக்கத்து ஆயரை இப்போதே கேட்டு வையுங்கள். நான் கல்லறையில் பெயர் மாற்றிச் சொன்னது அந்த வாரத்தில்தான்.

விடுப்பில் போகிறவர்கள் கன்வென்ஷனில் பிரசங்கம் பண்ண ஒத்துக்கொண்டு போகாதீர்கள், தம்பிகள் அநேகர் செய்கிற தப்பு இது. அங்கி இல்லாமல் ஏதாவது ஒரு கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே பிரசங்கம் எவ்வளவு நீளம் என்பதும் அப்போது தெரியும்.

உடம்பு, வீடு

என் நோட்டில் ஒரு ஓரத்தில் டீயும் எழுதினேன். வீடு சந்திப்பு உள்ள நாளில் பதினோரு டீ, எல்லாம் ஐயருக்கென்று சர்க்கரை கூடப் போட்டது. 46 வயதில் சர்க்கரை நோய் வந்ததற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இப்போது "வெந்நீர் தாங்கம்மா" என்கிறேன். முதலில் வருத்தப்பட்டார்கள், இப்போது சுக்கு தட்டிப் போட்டே தருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு என்றதும் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? நான் வீட்டில் இருக்கிறேன் என்று மீன் குழம்பும் விருந்தாளியும் வந்து, ஐயரம்மாவுக்கு வாரத்திலேயே அதிக வேலையுள்ள நாள் அதுவாகிவிட்டது. மூன்றாம் மாதம் அவள்தான் சொன்னாள். அன்றிலிருந்து செவ்வாய் மதியம் எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை. பழைய சோறும் சுண்டவத்தலும், இல்லையென்றால் கடை சாப்பாடு. குருமனைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுப்பது கூட ஒரு ஊழியம்தான், அதற்கு மினிட் புத்தகத்தில் இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால், பிரசங்க பீடத்தில் ஏறுவதே வெறுத்துப்போனால், ஜெபத்தில் கண்ணீரோ வார்த்தையோ வராமல் மரத்துப்போயிருந்தால், அது அரைநாள் ஓய்வில் தீராது. டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். அதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களிடம் எலியா தீர்க்கதரிசியைக் காட்டுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், சாகிறேன் என்றான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற ஆண்டவருடைய கேள்வி ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது.

மாறுதல் உத்தரவு வந்து புதுச் சேகரம் போனால், முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே செவ்வாய் ஏற்பாட்டைச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் கூட்டம் வரை தள்ளினால், அதற்குள் உங்கள் செவ்வாய்க்கிழமையில் யாராவது உபவாச ஜெபம் வைத்திருப்பார்கள். எனக்குப் போன சேகரத்தில் அப்படித்தான் ஆனது, அதை மாற்ற ஒன்றரை வருஷம் பிடித்தது.

என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இந்த மாதக் கடன் இன்னும் இரண்டு அரைநாள் இருக்கிறது. ஒன்று வரும் புதன் மதியம். உபதேசியாரிடம் சொல்லியாயிற்று. இன்னொன்றுக்கு இன்னும் தேதி போடவில்லை.